கொம்பை எடுக்க மாட்டேன்

அத்தியாயம் பதினொன்று

அவளுடைய கொம்புகளை எடுத்துவிடலாம் என்று மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். அவளிடம் கேட்கவில்லை.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அது அவளுக்குப் பரிசு.

இடம், மருந்துக்கடையின் பின்னறை. சுவரோரம் அட்டைப்பெட்டிகள். ஊசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் முனகல். நடுவில் ஒரு மடக்கு மேசை, அதன்மேல் கையால் வரைந்த வரைபடம், நாலைந்து பென்சில், இருபது முகமுள்ள பகடை. ஒவ்வொரு ஞாயிறு காலையும் நான்கு பேர் இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வேறு யாரோவாக மாறி, ஒரு கதைக்குள் போவார்கள்.

கதையை நடத்துவது கூரியர் அக்கா. வாரம் முழுக்க பார்சலும் கையுமாக வாசல் வாசலாக நிற்கிறவள். அதனால் அவள் கதையில் கோட்டைக் காவல்காரர்கள் மட்டும் அச்சு அசலாக இருப்பார்கள். "யாரைப் பார்க்கணும்? எந்த வீடு? அங்க ஓரமா நில்லு."

கணக்கு வாத்தியார், வெளிச்சக் கடவுளின் பூசாரி. ஒரு மாத்திரை குறைந்தாலும் தூக்கம் வராத மருந்துக்கடைக்காரர், இங்கே பூட்டு உடைக்கும் திருடன்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் நம் பெண்ணுக்கு வீட்டில் ஊமச்சி என்று பேர். இங்கே அவள் கொம்பி.

கொம்பிக்கு அரக்க ரத்தம். எந்தத் தலைமுறையிலோ பாதாளத்து அரக்கன் ஒருவன் குடும்பத்தில் கலந்துவிட்டான். விளைவு, செம்புநிறத் தோல், ஒரு வால், நெற்றியில் இரண்டு கொம்பு. இடது கொம்பு மட்டும் கொஞ்சம் உள்பக்கமாக வளைந்தது. கொம்பி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனாலும் சத்திரத்தில் இடமில்லை என்பார்கள். சந்தையில் அவளைக் கண்டால் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். இரும்புத் தொப்பி வாங்கப் போனால் ஓட்டை போடத் தனிக் காசு.

"தேவதை, இளவரசின்னு எவ்வளவோ இருக்கே, ஏம்மா இதைப் போய் எடுத்தே?" என்று முதல் நாளே வாத்தியார் கேட்டார்.

"வால் பிடிச்சிருக்கு சார்."

அது காரணம் இல்லை. கொம்பு வெளியே தெரிகிறது, அதுதான் காரணம். மறைத்து வைக்க ஒன்றும் இல்லை. வெறுக்கிறவன் பார்த்ததுமே வெறுத்துவிட்டுப் போகலாம். மிச்ச நேரம் கொம்பிக்கு மிச்சம்.

இந்த மேசையில் ஒரு சட்டம் உண்டு. உள்ளங்கை மேசையில் பதிந்திருந்தால் பேசுவது கதையில் வருகிறவர். கையை எடுத்துவிட்டால் பேசுவது நீங்கள். ஒருமுறை கோட்டை முற்றுகையின் நடுவில், கையை எடுக்க மறந்து மருந்துக்கடைக்காரர் "எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்" என்று சொல்லிவிட்டார். அம்பு மழைக்கு நடுவே திருடன் புதர் தேடி ஓட வேண்டியதாயிற்று. சட்டம் என்றால் சட்டம்.

அவள் கையைப் பதிக்கும்போதெல்லாம் சுண்டுவிரல் மட்டும் பக்கத்து விரலைப் பார்த்து வளைந்து நிற்கும். பிறவியிலேயே அப்படி. அப்பாவுக்கும் அப்படித்தான். அவள் பிடிவாதம் பிடித்தால் அம்மா அந்த விரலைத்தான் பார்ப்பாள். "அந்த ஆளோட ரத்தம். வேற எப்படி இருக்கும்?"

அப்பாவின் கதை, போன வாரங்களில் படிக்காதவர்களுக்காக: அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு கட்டடத்தில், பார்க்காத லிஃப்ட்டைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார். அது விழுந்தது. ஒருவர் இறந்தார். யார் போடச் சொன்னது என்று கோர்ட்டில் கேட்டபோது, "கை என்னுதுங்க" என்பதற்கு மேல் பேசவில்லை. ஆறு வருடம் ஜெயில். அம்மா, அண்ணன், அவள் மூவரும் ஊர் மாறி வந்துவிட்டார்கள். புது ஊரில், அப்பா இறந்துவிட்டார் என்று அண்ணன் சொன்னான். அதையே வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்.

போன வாரம் அவரை வெளியே விட்டார்கள். இன்று மதியம் வீட்டுக்கு வருகிறார்.

கூரியர் அக்கா குரலை மாற்றிக்கொண்டாள்.

"வெண்சுனைக் கோயில். சுனையைக் காக்கிறவ வெளியே வர்றா. 'அரக்க ரத்தம் உள்ளவள் யார்? வா. ஒரே ஒரு முழுக்கு. கொம்பு உதிரும், வால் உதிரும், ரத்தம் சுத்தமாகும். நகரத்துக் கதவு உனக்குத் திறக்கும்.'"

வாத்தியாருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. "எப்படி? உனக்காகத்தாம்மா. பூசாரி அலைஞ்சு திரிஞ்சு கண்டுபிடிச்ச இடம். உன்கிட்ட சொல்லாம மூணு பேரும் பேசி வெச்சோம்."

"இனிமே எவனும் உன்கிட்ட ரெட்டை விலை கேட்க மாட்டான்," என்றார் மருந்துக்கடைக்காரர். "தொப்பி நேரா உட்காரும்."

அவள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளங்கையை மேசையில் வைத்தாள்.

"முழுக மாட்டேன்."

குரல் பெரிதாக வந்தது. குளிர்பெட்டியின் முனகல்கூட அடங்கியதுபோல் இருந்தது.

"ஏன்?" என்றாள் சுனையைக் காக்கிறவள்.

"நான் அழுக்கா இல்ல."

வாத்தியார் கையை எடுத்துவிட்டார். "அட, நல்லதுக்குத்தானேம்மா சொல்றோம். கொம்போட உன்னை நகரத்துக்குள்ள விட மாட்டாங்க. கதையே அங்கதான் இருக்கு."

"கொம்பு இல்லாம வந்தா விடுவாங்களா?"

"விடுவாங்க."

"அப்போ அவங்க விடுறது யாரை?"

வாத்தியார், கணக்கில் ஒரு வரியைத் தாண்டிவிட்டவர்போல் அவளைப் பார்த்தார்.

"என் பாட்டன் பண்ணது தப்பு," என்றாள் கொம்பி. "அதை நான் சரின்னு சொல்லல. ஆனா அப்படி ஒருத்தன் இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொம்பு இருக்கட்டும்."

கூரியர் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி. அவ கோயிலைச் சாத்திட்டுப் போயிட்டா. எதிர்ல நகரத்துக் கதவு. மூடியிருக்கு. என்ன பண்றே?"

"தட்டறேன்."

"உருட்டு."

பகடை வரைபடத்தின் ஆற்றைத் தாண்டி ஓடி நின்றது. மூன்று.

"காவல்காரன் சின்ன ஜன்னலைத் திறந்தான். கொம்பைப் பார்த்தான். சாத்திட்டான்."

"மறுபடி தட்டறேன்."

"ஏய், இருபதுக்கு மூணுதான் விழுந்திருக்கு! இதுக்கு மேல என்ன?"

"தட்டறதுக்குக் கணக்கு உண்டா? மறுபடி தட்டறேன்."

வெளியே அண்ணனின் பைக் வந்து நின்றது. அவள் மேசையிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் கிளம்பறேன்," என்றாள். உதட்டுக்குள்ளேயே சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை.

அண்ணன் பல் டாக்டர். இப்போதைக்கு வேறு ஒருவரின் கிளினிக்கில் வேலை. சொந்தமாக ஒன்று தொடங்க முதல் மாடியில் இடம் கிடைத்திருக்கிறது. இடத்துக்குச் சொந்தக்காரி, ஊரில் பாதிக்குக் கட்டடம் வைத்திருக்கும் அம்மாள், ஆளையும் குடும்பத்தையும் நேரில் பார்க்காமல் யாருக்கும் சாவி தருவதில்லை. இன்று மாலை வீட்டுக்கு வருகிறாள்.

பாதி வழியில், மூடிக்கிடந்த ஒரு பெயின்ட் கடை முன்னால் அண்ணன் பைக்கை நிறுத்தினான்.

"என்ன, இன்னைக்கு யாரைக் குத்தினே? வாலால அடிச்சியா?"

"இல்ல."

"கையை மேசையில வெச்சாத்தான் உனக்கு வாயே வருது. நானும்தான் வாசல்ல நின்னு பார்க்கிறேனே." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அப்பா சாப்பிடுவாரு. நாலு மணிக்கு பஸ் ஏத்தி விட்டுடுவேன். வெளியூர்ல ரூம் பார்த்து வெச்சிருக்கேன். அந்தம்மா வர்றது அஞ்சு மணிக்கு. நடுவுல எதிர் வீட்டுல யாராவது பார்த்து கேட்டா, அம்மாவோட ஒண்ணுவிட்ட அண்ணன். மாமா. எங்க, சொல்லு."

அவள் கடைக் கதவின் பூட்டைப் பார்த்தாள்.

"மாமா. ரெண்டு எழுத்துதான். அப்பாகிட்டயே கேட்டுட்டேன். சரின்னுட்டாரு."

"அவர் எதுக்குத்தான் சரின்னு சொல்லல?"

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினான். நெற்றி வேர்த்திருந்தது.

"இங்க பாரு. பழைய வீட்டுல யார் வந்தாலும் கதவைத் திறந்தது நான். செத்தவரோட தம்பி வந்து என் சட்டையைப் பிடிச்சப்போ நீ உள்ள பாடம் படிச்சிட்டிருந்தே. நான் அந்த ஆள்கிட்ட என்ன சொல்லியிருக்கணும்? எனக்குப் பதில் தெரியல. இன்னைக்கும் தெரியல. அதனால கேள்வியே வராத மாதிரி ஒரு வாழ்க்கை வேணும்னு நினைச்சேன். தப்பா?"

அவள் தினமும் எத்தனையோ பேருடைய ரத்தத்தைக் குழாயில் பார்க்கிறாள். சர்க்கரை தெரியும், கொழுப்பு தெரியும். யாருடைய அப்பா என்ன செய்தார் என்று எந்தக் குழாயிலும் இதுவரை தெரிந்ததில்லை. அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றான் அவன், குரலைத் தணித்து. "பேசாம இரு, போதும். அதுதான் உனக்கு நல்லா வருமே."

அப்பா மாடிப்படி ஏறி வந்தார். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. வேலையும் செய்கிறது.

கதவைத் திறந்த பிறகும் வெளியிலேயே நின்றார். தோளில் ஒரு துணிப்பை. செருப்பைக் கழற்றி, சுவரோடு ஒட்டி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வைத்தார்.

"உள்ள வாங்க," என்றாள் அம்மா.

"வரலாமா?"

"பின்ன, அங்கயே நிப்பீங்களா?"

அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பதற்றம் வந்தால் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். இன்று காலையிலிருந்து துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் கைரேகையும் தூசியும் படிந்து, உள்ளே இருக்கும் கண் மங்கலாகத்தான் தெரிந்தது. அம்மாவின் கை அதை நோக்கி ஒருமுறை எழுந்தது. பாதியில் திரும்பித் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒரு பருக்கை கீழே விழுந்ததும் அப்பா குனிந்து எடுத்தார்.

"விடுங்கப்பா, அப்புறம் பெருக்கிக்கலாம்," என்றான் அண்ணன்.

"பழக்கம்," என்றார் அப்பா. பிறகு, "மாமான்னு இப்பவே கூப்பிட்டுப் பழகிக்கடா. அவசரத்துல வாய் தவறிடும்."

அண்ணன் தட்டைப் பார்த்தான்.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா இன்னும் பேசறதில்லையா?"

"பேசுவா," என்றான் அண்ணன். "ஞாயித்துக்கிழமை மட்டும். கொம்பு வெச்சுக்கிட்டு."

என்ன ஏது என்று அப்பா கேட்டார். அவளுக்கே வியப்பாக, அவள் சொன்னாள். மெதுவாக, பாதி வாக்கியங்களாக. அரக்க ரத்தம், வால், மூடிய கதவு, பகடையில் விழுந்த மூன்று.

"கொம்பு இருந்தா கஷ்டமா இருக்காதா?" என்று கேட்டார்.

"இருக்கும். ஆனா அதுவும் அவதானே?"

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அப்போது மணி அடித்தது.

கட்டடக்காரம்மா. சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால்.

"சீக்கிரம் வந்துட்டேனா தம்பி? வேணும்னுதான் வந்தேன். சொன்ன நேரத்துக்குப் போனா எல்லார் வீடும் சுத்தமாத்தான் இருக்கும்." உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரிய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க. இவர் யாரு?"

"மாமா," என்றான் அண்ணன். ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "அம்மாவோட ஒண்ணுவிட்ட அண்ணன். ஊர்லேர்ந்து வந்திருக்கார்."

"ஆமாங்க," என்றார் அப்பா.

"அப்படியா." கட்டடக்காரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "பையனை டாக்டர் ஆக்கிட்டீங்க, தனி ஆளா. அவங்க அப்பா இருந்திருந்தா எவ்வளவு பூரிச்சுப் போயிருப்பார்."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினாள்.

"எப்படித் தவறினார்? நெஞ்சு வலியா?"

கேள்வி யாருக்கென்று தெரியவில்லை. அண்ணன் மூச்சை இழுத்தான். அப்பா, தன் சாவைப் பற்றி விசாரிக்கிறவரிடம் மரியாதையாகத் தலை குனிந்துகொண்டார்.

அந்தக் குனிவைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

கை தானாகவே மேசையில் பதிந்திருந்தது.

"அவர் சாகல. இதோ இவர்தான் எங்க அப்பா."

பெரிய குரல். கொம்பியின் குரல். இந்த வீட்டுச் சுவர்கள் அதைக் கேட்டதே இல்லை.

அண்ணன் சிரித்தான். சத்தமாக, பற்கள் தெரிய.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. இவ ஒரு விளையாட்டு விளையாடறா. அதுல இவளுக்குக் கொம்பு, வால் எல்லாம் உண்டு. கையை மேசையில வெச்சுட்டா அந்தப் பாத்திரம் பேசற மாதிரி அர்த்தம். பாருங்க, கை அங்கதான் இருக்கு. காலையிலேர்ந்து அதே ஞாபகத்துல இருக்கா."

"கொம்பா?" கட்டடக்காரம்மா அவள் நெற்றியைப் பார்த்தாள்.

"அரக்க ரத்தமாம்," என்று அண்ணன் மறுபடி சிரித்தான். கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சின.

வழி திறந்துதான் இருந்தது. கையை அப்படியே வைத்திருந்தால் போதும். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா நாலு மணிக்கு பஸ் ஏறுவார். சாவி கிடைக்கும். விளையாட்டில் சொன்னது விளையாட்டோடு போகும். கொம்பி சொன்னாளே தவிர அவள் சொல்லவில்லை.

அவள் கையை எடுத்தாள்.

"எடுத்துட்டேன் அண்ணா."

குரல் சுருங்கிவிட்டது. இது அவளுடைய சொந்தக் குரல். இதைவிடப் பெரிதாக அவளிடம் இல்லை.

"இப்போ நான்தான் பேசறேன். இவர் எங்க அப்பா. ஜெயில்ல இருந்தார். போன வாரம் வெளியே வந்தார். தப்பு பண்ணார். அதுக்குத்தான் உள்ள இருந்தார். ஆனா சாகல. மாமாவும் இல்ல."

அண்ணனின் முகத்திலிருந்து சிரிப்பு போக நேரம் பிடித்தது.

அப்பாதான் முதலில் பேசினார். "சின்னப் பொண்ணுங்க. என்மேல பாசம், அதான் அப்படிச் சொல்லுது. நான் மாமாதாங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு." துணிப்பையைத் தேடி ஒரு கை கீழே போனது. மறு கை எழுந்திருக்க மேசையில் ஊன்றியது.

அவள் அந்தக் கையின் பக்கத்தில் தன் கையைக் கொண்டுபோய் வைத்தாள்.

இரண்டு உள்ளங்கைகள். இரண்டு சுண்டுவிரல்கள். இரண்டும் ஒரே இடத்தில் மடங்கி, ஒரே கோணத்தில் வளைந்து, பக்கத்து விரலைப் பார்த்து நின்றன.

"நீங்க எத்தனை தடவை இல்லைன்னாலும் இதை என்னப்பா பண்ணுவீங்க? எந்தச் சுனையில முழுகுவீங்க?"

சுனை என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. இந்த முறை கை மேசையில்தான் இருந்தது. ஆனால் விளையாட்டு என்று அண்ணனும் சொல்லவில்லை.

"இத்தனை வருஷம் பேசாதவளுக்கு," என்றான் அவன், "இன்னைக்குத்தான் வாய் வரணுமா?" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். சுவரில் சாய்ந்து நின்றான். கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் போகவில்லை.

அம்மா தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மேசையைச் சுற்றி நடந்து வந்தாள். அப்பாவின் முகத்திலிருந்து அவர் கண்ணாடியைக் கழற்றினாள். வாயால் ஊதினாள். முந்தானையால் ஒரு பக்கம், மறு பக்கம், விளிம்பு என்று கடையில் செய்வதுபோல் நிதானமாகத் துடைத்தாள். திரும்ப மாட்டிவிட்டாள்.

"இப்போ தெரியுதா?"

"தெரியுது," என்றார் அப்பா. அவர் கண்கள் சிவந்திருந்தது இப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

கட்டடக்காரம்மா எழுந்துகொள்வாள் என்று அவள் காத்திருந்தாள். எழுந்து, நாலு வார்த்தை சொல்லிவிட்டு, சாவியோடு போய்விடுவாள். போகட்டும். கதவைச் சாத்தினால் மறுபடி தட்டலாம்.

கட்டடக்காரம்மா எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள். நாற்காலியை அப்பாவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"உட்காருங்க," என்றாள். "பஸ் போனா போகட்டும். கோர்ட்டுல நீங்க வாயே திறக்கல. அந்த லிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னது யாருன்னு இன்னைக்காவது சொல்லுங்க."

அப்பாவின் கை மேசையிலிருந்து நழுவியது.

ஜெயில் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். லிஃப்ட் என்ற வார்த்தையை அந்த அறையில் யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.